“இது நீங்க வரைஞ்சது டீச்சர்”: உருவப்படம் கற்றுத்தந்த எட்டு வாரங்கள்

முதல் வாரத்திலேயே ஒரு தவறு செய்தேன். இந்த ஆய்வை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் 24 பேர். வாரம் ஒரு வகுப்பு, 45 நிமிடம், மொத்தம் 8 வாரம். எதிரில் உட்கார்ந்திருக்கும் தோழனையோ தோழியையோ பார்த்து முகம் வரைய வேண்டும், இடையில் கண்ணாடி பார்த்துத் தன் முகத்தையும் வரைய வேண்டும் என்பதுதான் திட்டம். முதல் நாள் ஒரு சிறுமி அரைமணி நேரம் உட்கார்ந்து வரைந்த முகத்தில், கண்கள் நெற்றிக்கு ஏறியிருந்தன. நான் அவள் பென்சிலை வாங்கினேன். “இங்க பாரு, கண்ணு இங்க வரணும்” என்று சொல்லிக்கொண்டே ரப்பரால் அழித்துவிட்டு, இரண்டு கண்களையும் இறக்கிப் போட்டுக் கொடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. வகுப்பு முடிந்ததும் எல்லாரும் படத்தின் மூலையில் பெயர் எழுதினார்கள். அவள் மட்டும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். கோபமே இல்லாமல் சொன்னாள்: “இது நீங்க வரைஞ்சது டீச்சர்.”

அடுத்த வாரம் வந்தாள், தோழி வரைவதற்காக அசையாமல் உட்கார்ந்தாள். தன் முறை வந்ததும் பென்சிலைத் தொடவில்லை. “நான் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றாள். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே.

முதல் நாள் படங்கள்

முதல் வகுப்பில் எதுவும் சொல்லித்தராமல் வரையச் சொல்லியிருந்தேன். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொடக்கப் படம் வேண்டுமே. வந்த படங்களில் எதிரில் இருந்தவர்கள் யாருமே இல்லை. மூக்கு என்றால் ட என்ற எழுத்து. கண் என்றால் மீன் வடிவம், நடுவில் முழு வட்டம், மேலே சூரியக் கதிர் மாதிரி இமைமுடி. வாய்க்கு ஒரு படகு. சுருள்முடிப் பையனும் நேர்முடிப் பெண்ணும் ஒரே கோடுகோடான தலையோடு இருந்தார்கள். பாதிப் பேருக்கு மேல், குனிந்த தலையைப் படம் முடியும்வரை நிமிர்த்தவே இல்லை.

இதைக் குறையாக நான் பார்க்கவில்லை. பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு, தங்களுக்குத் தெரிந்ததை வரைகிறார்கள் என்று பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ்-ஹென்றி லூக்கே 1927-இலேயே எழுதினார். முகத்தில் மூக்கு உண்டு என்று தெரியும், அதற்கு ஓர் அடையாளம் கைவசம் இருக்கிறது, கை அதைப் போட்டுவிடுகிறது. கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் குழந்தைகளின் ஓவிய வளர்ச்சியை வயதுவாரியாகப் பிரித்தார். ஏழு முதல் ஒன்பது வயதுவரை இந்த அடையாளங்கள் நிலைபெறும் காலம். ஒன்பதை ஒட்டி, ‘நிஜம் மாதிரியே இருக்கணும்’ என்ற ஏக்கம் தொடங்கும் காலம். என் வகுப்பு சரியாக அந்த வாசற்படியில் நின்றது. “எனக்கு வரைய வராது” என்ற பேச்சும் பெரும்பாலும் இந்த வயதில்தான் தொடங்குகிறது. அந்தச் சிறுமியிடம் நான் பென்சிலைப் பிடுங்கியது இந்த வேளையில் என்பதுதான் என்னை உறுத்தியது.

அளவு சொல்லித்தந்ததும் நடந்தது

இரண்டாம் வாரம், எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். பலகையில் முட்டை வடிவம் வரைந்து, முகத்தின் அளவுகளைச் சொன்னேன். கண்கள் தலையின் உச்சிக்கும் தாடைக்கும் நடுவில் வரும். ஒரு கண்ணின் அகலத்தைப் போல ஐந்து மடங்கு முகத்தின் அகலம். கண்ணுக்கும் தாடைக்கும் நடுவில் மூக்கின் அடி. புருவத்திலிருந்து மூக்கின் அடிவரை காது. பிள்ளைகள் ஸ்கேல் வைத்து ஆசையாகக் கோடு போட்டார்கள். நெற்றிக்கு ஏறிய கண்கள் எல்லாம் கீழே இறங்கின. வகுப்பு முடிந்ததும் தாள்களைப் பரப்பிப் பார்த்தேன். அத்தனை தாளிலும் ஒரே முகம். முதல் வாரம் ஆளுக்கொரு ட போட்டிருந்தார்கள், இப்போது என்னுடைய முட்டையை எல்லாரும் போட்டிருந்தார்கள். எதிரில் இருந்தவரை இந்த வாரமும் யாரும் பார்க்கவில்லை.

ஒரே ஒரு பையன் தவிர. அவனுக்கு எதையும் சரிபார்த்தால்தான் நிம்மதி. தோழன் தலைமேல் ஒரு நோட்டைத் தட்டையாக வைத்து, உச்சியிலிருந்து கண்வரை பென்சிலால் அளந்தான். கண்ணிலிருந்து தாடைவரையும் அளந்தான். “டீச்சர், இவனுக்கு நடுவுல இல்ல. கண்ணு கீழ இருக்கு” என்றான். முடியின் தடிமன் சேர்ந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அவன் சொன்னது சரி.

நான் பலகையில் போட்ட அளவு வளர்ந்தவர்களின் அளவு. குழந்தைகளுக்கு மூளையைத் தாங்கும் மண்டையோடு முதலில் பெரிதாகிவிடுகிறது. தாடையும் மூக்கும் பல்வரிசையும் பிறகுதான் நிதானமாக நீள்கின்றன. பிறந்த குழந்தைக்கு மண்டையோட்டின் அளவு முக எலும்புகளைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு இருக்கும். பெரியவர்களுக்கு அது இரண்டு மடங்கு அளவில் நின்றுவிடும். எட்டு வயதுக்காரர் அந்த வழியில் பாதியில் இருக்கிறார். கண்கள் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, மூக்கு குட்டை, தாடை சின்னது. பெரியவர் அளவில் பிள்ளை முகத்தை வரைந்தால், சின்ன உடம்பில் வயதானவர் தலையை வைத்த மாதிரி ஆகிவிடும். இத்தனை ஆண்டு ஓவியம் சொல்லித்தரும் எனக்கு இது தெரியாத விஷயமில்லை. ஆனால் ஒரு பிள்ளை நோட்டும் பென்சிலும் வைத்துக் காட்டும்வரை, பிள்ளைகளுக்குப் பெரியவர் அளவையே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை திட்டத்தைக் கிழித்துப் போட்டேன். அளவுகளைப் பின்னால் தள்ளி, பார்ப்பதை முன்னால் கொண்டுவந்தேன்.

தாளைப் பார்க்காமல்

மூன்றாம் வாரம் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டைத் துண்டு. நடுவில் ஓட்டை போட்டு, அதில் பென்சிலைச் சொருகினால், அட்டை குடை மாதிரி கையை மறைத்துவிடும். கண் எதிரிலிருக்கும் முகத்தின் ஓரத்தில் எறும்பு மாதிரி மெதுவாக ஊர வேண்டும், பென்சிலும் அதே வேகத்தில் தாளில் ஊர வேண்டும். தாளைப் பார்க்கக் கூடாது, பென்சிலைத் தூக்கக் கூடாது. அமெரிக்க ஓவிய ஆசிரியர் கிமோன் நிக்கோலைடிஸ் போன்றவர்கள் பரவலாக்கிய பயிற்சி இது. அவர்கள் பெரியவர்களுக்கு நீண்ட நேரம் கொடுத்தார்கள். நான் மூன்று நிமிடம் கொடுத்தேன். இந்த வயதுப் பிள்ளை அசையாமல் உட்காருவதற்கு அதுதான் எல்லை. நான்காவது நிமிடத்தில் மூக்கு அரிக்கும்.

அட்டையை எடுத்ததும் சிரிப்பு வெடித்தது. வாய் கன்னத்துக்கு வெளியே போயிருந்தது, ஒரு கண் காதுக்குப் பக்கத்தில். யாரும் வெட்கப்படவில்லை, எல்லார் படமும் அப்படித்தானே. சிரிப்பு அடங்கியதும் கோடுகளைப் பார்க்கச் சொன்னேன். ஒரு பையன் வரைந்த காதுமடலில் உள்ளே போகும் மடிப்பு அப்படியே இருந்தது. ஒருத்தி தோழியின் கீழுதடு நடுவில் லேசாகப் பிரிந்திருப்பதைப் பிடித்திருந்தாள். ட எங்கேயும் இல்லை. கை மறைந்ததும் பழைய அடையாளங்களைப் போட வழியில்லாமல் போய்விட்டது.

இதை வெறும் விளையாட்டாக ஒருநாள் செய்துவிட்டு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நான் அதன்பிறகு ஒவ்வொரு வகுப்பையும் மூன்று நிமிட அட்டைப் படத்தோடுதான் தொடங்கினேன். பாடகர் சுருதி சேர்ப்பது போல, பிள்ளைகள் அதில் கண்ணைத் தயார் செய்துகொண்டார்கள்.

கண்ணாடியில் பாதி முகம்

நான்காம் வாரம் ஆளுக்கொரு உடையாத பிளாஸ்டிக் கண்ணாடி, அழிக்கக்கூடிய மார்க்கர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், கண்ணாடியில் தெரியும் முகத்தின் ஓரத்தை அந்தக் கண்ணாடியின் மேலேயே வரைய வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் கோடும் முகமும் ஒட்டாது.

வரைந்து முடித்தவர்களிடம் ஸ்கேலைக் கொடுத்து, அந்தக் கோட்டின் உயரத்தையும் தங்கள் முகத்தின் உயரத்தையும் அளக்கச் சொன்னேன். கண்ணாடியில் இருந்தது பாதிதான். பக்கத்தில் வைத்து வரைந்தாலும் பாதி, தள்ளி வைத்து வரைந்தாலும் பாதி. நமக்கும் கண்ணாடிக்குள் தெரியும் உருவத்துக்கும் சரிபாதித் தூரத்தில் கண்ணாடிப் பரப்பு நிற்பதால் அப்படி. தினமும் தலைவாரும்போது பார்க்கும் விஷயம், யாரும் கவனித்ததில்லை. நான்கைந்து பேர் நம்பாமல் எழுந்து போய், எட்டி நின்று, தோழனை விட்டு அளந்துவிட்டு வந்தார்கள்.

“நான் பாத்துக்கிட்டு இருக்கேன்” சிறுமி அன்று மார்க்கரைக் கையில் எடுத்தாள். எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “இது அழிஞ்சுடும்ல?” அழிந்துவிடும் என்றேன். நான்கு முறை வரைந்து நான்கு முறை துடைத்தாள். நான் அவள் பக்கம் போகவில்லை. போக வேண்டாம் என்று காலைப் பிடித்து வைத்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கண், மூக்கு, வாய்

ஐந்தாம் வாரம்தான் உறுப்புகளுக்கு வந்தோம். இப்போது அவர்களிடமிருந்தே கேள்வி வந்தது, “எல்லா கண்ணும் ஏன் டீச்சர் பயந்த மாதிரி இருக்கு?” கண்ணாடியை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். சாதாரணமாகப் பார்க்கும்போது கருவிழியின் மேல்விளிம்பை மேல் இமை கொஞ்சம் மூடியிருக்கும். முழு வட்டம் தெரிய வேண்டும் என்றால் கண்ணை உருட்டி விழிக்க வேண்டும். விழித்துப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த படத்தில் அந்த மிரட்சி போய்விட்டது. இதை நான் விதியாகச் சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பார்கள்.

மூக்குக்குக் கோடு தேடினார்கள். விளக்குப் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி, மூக்கில் எங்கே கோடு இருக்கிறது என்று கேட்டேன். இல்லை. அடியில் ஒரு நிழல் இருக்கிறது, பக்கவாட்டில் மங்கலாக ஒரு நிழல் இருக்கிறது, அவ்வளவுதான். மென்மையான 4பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து அந்த நிழலை மட்டும் போட்டவர்களுக்கு மூக்கு தானாக முன்னால் வந்தது. உதட்டிலும் இப்படித்தான். சுற்றி ஓரம் கட்டினால் ஒட்டவைத்த மாதிரி இருக்கும். இரண்டு உதடும் சேரும் இடம்தான் மிக இருண்ட கோடு, அதில் தொடங்கினால் மற்றது எளிது. முடிக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: முதலில் மொத்தமாக ஒரு வடிவம், கடைசியில் நாலு கோடு.

பல் மட்டும் கொஞ்சம் சிக்கல். பெரியவர் படம் என்றால், பல் ஒவ்வொன்றாகக் கோடு போடாதே, ஒரே வெள்ளைப் பட்டையாக விடு என்று சொல்லலாம். இந்த வகுப்பில் பாதிப் பேருக்கு முன்பல் விழுந்து, பாதி முளைத்து, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தது. அந்த வயதின் முகமே அந்த இடைவெளிதான். ஆனால் ஒரு பையன் வாயை இறுக மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வரைந்தவளுக்குப் புரிந்துவிட்டது, மூடிய வாயையே வரைந்தாள். நான் இரண்டு பேரிடமும் எதுவும் சொல்லவில்லை.

எதிரில் இருப்பவருக்கு வலிக்கும்

மரத்தையோ வீட்டையோ தப்பாக வரைந்தால் யாருக்கும் வலிக்காது. முகம் அப்படியில்லை. “நான் இப்படியா இருக்கேன்?” என்று ஒரு சிறுமி கண்கலங்கியது ஐந்தாம் வாரம்தான். வரைந்தவன் கெட்ட எண்ணத்தில் வரையவில்லை. நன்றாகப் பார்த்து வரைந்ததுதான் பிரச்சினை. அவள் காதுகள் வெளியே தள்ளியிருக்கும், அதை அப்படியே போட்டுவிட்டான். பக்கத்தில் ஒருவன் சொன்ன ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

உருவப்படம் சொல்லித்தரும் பலர் கோடும் நிழலும் சொல்லித்தருகிறார்கள், இதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. நான் அந்த வகுப்பின் மீதி நேரத்தைப் பேச்சுக்கே கொடுத்தேன். பார்த்ததைச் சொல்லும் சொற்களும் எடைபோடும் சொற்களும் வேறு வேறு என்று பலகையில் எழுதி எழுதிப் பழகினோம். ‘காது பெருசு’ என்பது எடைபோடுவது. எதைவிடப் பெரிது? ‘காது புருவத்துல ஆரம்பிச்சு மூக்கு நுனி வரைக்கும் வருது, மேல்பக்கம் தலையிலிருந்து விலகி நிக்குது’ என்பது பார்த்தது. இரண்டாவது வகையில் பேசினால் படமும் நன்றாக வருகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள், ஏனென்றால் அதில் வரையத் தேவையான தகவல் இருக்கிறது. அப்புறம் ஒரு விதி வைத்தோம். படம் வரைந்தவருடையது. அதைச் சுவரில் மாட்டலாமா என்று முடிவு செய்வது அதில் இருப்பவர். கடைசி வாரம் மூன்று படங்கள் மாட்டப்படவில்லை. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது என்பதும் விதியில் சேர்த்தி.

ஒரு பையனுக்கு யாராவது நேருக்கு நேர் பார்த்தாலே ஆகாது. முகத்தைத் திருப்பிக்கொள்வான், அவனும் எவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டான். அவனை எதிர் வரிசையில் உட்காரவைத்தது வதையாக இருந்திருக்க வேண்டும், எனக்கு அது இரண்டு வாரம் உறைக்கவில்லை. “பின்னாடி உக்காந்து வரையறியா?” என்று கேட்டேன். தலையாட்டினான். அதன்பிறகு எல்லா வாரமும் தோழனின் பின்தலையையே வரைந்தான்: கழுத்து, சட்டைக் காலர், காதுகளின் பின்புறம், முடி.

ஸ்கின் கலர்

ஆறாம் வாரம் வண்ணம். எடுத்த எடுப்பில், “டீச்சர், ஸ்கின் கலர் குடுங்க” என்று நாலு பக்கமிருந்தும் கை நீண்டது. அவர்கள் கேட்டது பெட்டியில் இருக்கும் வெளிர் ஆரஞ்சு. கேட்டவர்கள் யாருடைய தோலும் அந்த நிறத்தில் இல்லை.

அந்தப் பெயருக்கான பழியை நான் பிள்ளைகள் தலையில் போட விரும்பவில்லை, பெட்டி அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அமெரிக்க வண்ணக்குச்சி நிறுவனமான கிரயோலா தன் வெளிர் நிறக் குச்சிக்கு ‘சதை’ என்று வைத்திருந்த பெயரை 1962-இல் ‘பீச்’ என்று மாற்றியது. பலவகைத் தோல் நிறங்களுக்கென்றே 24 குச்சிகள் கொண்ட பெட்டியை 2020-இல் வெளியிட்டது. பெட்டிகள் மாறிவிட்டன, அழைக்கும் பழக்கம் இன்னும் மாறவில்லை.

பெட்டியை மூடிவிட்டு மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றை மட்டும் வைத்தேன். மஞ்சளும் சிவப்பும் சேர்த்தால் ஆரஞ்சு. அதில் தூரிகை நுனியால் நீலம் தொட்டால் பழுப்பு. மஞ்சள் கூடினால் ஒரு பக்கம் போகும், சிவப்பு கூடினால் செம்பு, நீலம் கூடினால் ஆழம். வெளிற வைக்க வெள்ளை சேர்த்தால் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆகிவிடும். நீர்வண்ணத்தில் தண்ணீரே போதும். தாள் துண்டில் பூசி, காயவைத்து, கையோரம் வைத்துப் பார்க்க வேண்டும். “புறங்கைக்கு ஒத்துப்போகுது, உள்ளங்கைக்கு வரல. எனக்கு ரெண்டு கலரா?” என்று ஒருத்தி கேட்டாள். முழங்கைக்குப் பார்த்துவிட்டு “மூணு” என்று அவளே பதில் சொல்லிக்கொண்டாள். கலந்த நிறங்களுக்குப் பெயர் வைக்கச் சொன்னேன். ஈரமண், செங்கல், மரப்பட்டை, சாயங்காலம். அன்று ஒருவர் முகம்கூட வரையவில்லை. வகுப்பு வீணாகிவிட்டது என்று உடன் பணிபுரிபவர் வருத்தப்பட்டார். எட்டு வாரத்தில் நான் மிகவும் நிறைவோடு வெளியே வந்த வகுப்பு அதுதான்.

ஏழாம் வாரம் முகபாவங்கள். 1630-இல் ரெம்பிராண்ட் கண்ணாடி முன் கண்களை விரித்து, வாயைப் பிளந்து தன்னையே செதுக்கிய ஒரு சிறு அச்சுப்படத்தைக் காட்டினேன். உயரம் 5 சென்டிமீட்டர் சொச்சம்தான். இவ்வளவு பெரிய ஓவியர் இப்படி முகத்தைக் கோணிக்கொண்டு உட்கார்ந்தாரா என்பதிலேயே பிள்ளைகளுக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

யார் யாரென்று கண்டுபிடித்தது

கடைசி வாரத்துக்கு ஒரு மதிப்பீடு தேவைப்பட்டது. மதிப்பெண் போட எனக்கு மனமில்லை. பெயர் தெரியாதபடி மூலையை மடித்து, அனுமதி கிடைத்த படங்களைச் சுவரில் ஒட்டி, யார் யாரென்று கண்டுபிடிக்கச் சொன்னேன். எது தெரிந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும்.

அளவு கச்சிதமாக அமைந்திருந்த நாலைந்து படங்களின் முன்னால் வகுப்பு குழம்பி நின்றது. அளவு கோணியிருந்த சில படங்களை ஒரு நொடியில் சொல்லிவிட்டார்கள். வகிடு இடப்பக்கம், மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஒருபக்கம் இறங்கியிருப்பது, ஒரு புருவத்தில் சின்ன வெட்டு. எல்லாவற்றையும்விட வேகமாக அடையாளம் தெரிந்தது முகமே இல்லாத படம். அந்தப் பையன் வரைந்திருந்த பின்தலையில் இரட்டைச் சுழி இருந்தது. அவன் தோழனுக்கே தனக்கு இரட்டைச் சுழி என்பது தெரிந்திருக்கவில்லை. தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே படத்துக்கு முன் நின்றான்.

முதல் நாள் படங்களோடு வைத்துப் பார்த்தபோது, சில பிள்ளைகளுக்கு ட திரும்பி வந்திருந்தது. எட்டு வாரம் அதற்குப் போதாது. அடுத்த முறை அளவுகளை ஆறாம் வாரத்துக்கு முன்னால் எடுக்க மாட்டேன், அதையும் பலகையில் போட மாட்டேன். நோட்டையும் பென்சிலையும் கொடுத்து அவர்களையே அளக்கச் சொல்வேன். படம் தாளின் மூலையில் நாணயம் அளவுக்குச் சுருங்கிவிடுவதைத் தடுக்க, கையை முகத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். தாடையில் மணிக்கட்டை வைத்தால் விரல்நுனி ஏறக்குறைய முடி தொடங்கும் இடத்துக்கு வரும், அதே கை அளவுக்குத் தாளிலும் வரையலாம். இது எனக்கு ஏழாம் வாரம்தான் தோன்றியது. வரையும் பிள்ளையின் தாளில் என் பென்சில் படாது. எதையாவது காட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் வேறு தாளில் காட்டுவேன்.

அந்தச் சிறுமி கடைசி வாரம் தோழியை முழுசாக வரைந்தாள். முடியும் தறுவாயில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண்கள் மறுபடி மேலே ஏறியிருந்தன. கையை மடியில் வைத்துக்கொண்டு, “அளந்து பாத்தியா?” என்று மட்டும் கேட்டேன்.

“பாத்தேன். மேலதான் இருக்கு டீச்சர். அவ மேல பாத்துக்கிட்டு இருக்கா.”

திரும்பிப் பார்த்தேன். தோழி தாடையைத் தூக்கி, சுவரில் படங்கள் ஒட்டும் பிள்ளைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். தலை பின்னால் சாய்ந்தால் நெற்றி சுருங்கித் தெரியும், கழுத்தும் தாடையின் அடியும் வெளியே வரும், கண்கள் உண்மையிலேயே உச்சியை நெருங்கிவிடும். படத்தில் அந்தத் தாடையின் அடிப்பாகமும் இருந்தது, நிழலோடு.

“சரி” என்றேன். அவள் மூலையில் தன் பெயரை எழுதினாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதற்குக் கீழே தோழியின் பெயரையும் எழுதினாள்.